கழுவெளிக் கரையில் ஓர் இரவு தங்க இடம் தேடிப் போன வெள்ளிக்கிழமை

காலை 6.20. திருவான்மியூரில் புதுச்சேரி பஸ்ஸில் ஏறினோம். நான், கணவர் முரளி, ஏழு வயது மகள் தன்யா. துணிப்பையோடு ஒரு பச்சைப் பையும் இருந்தது. அதற்குள் முரளி தோஹாவிலிருந்து வாங்கி வந்த கூடாரம்.

முரளி அங்கே கிரேன் ஓட்டுகிறார். நான்கு வருடம் கழித்து ஒன்றரை மாத விடுப்பில் வந்தார். அதில் இருபது நாள், மதுரையில் அவருடைய அப்பாவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கழிந்தது. தன்யாவுக்கு அப்பா என்றால் செல்போனில் வரும் முகம்தான். வீட்டுக்குள் நடமாடும் ஆளிடம் என்ன பேசுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. “காபி குடிச்சாச்சான்னு கேளும்மா” என்று என்னிடம் சொல்வாள். அவர் நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார்.

ஏரிக்கரையில் மூன்று பேரும் ஒரே கூடாரத்தில் ஒரு ராத்திரி தூங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று முரளி நம்பினார். அடுத்த வாரம் போவதாக இருந்தோம். ஆனால் வியாழக்கிழமை மாலை கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. ஞாயிறு காலை விமானத்தில் திரும்பியாக வேண்டும். கையில் இருந்தது ஒரே ஒரு ராத்திரி. அவசர அவசரமாக நெட்டில் தேடியதில் மரக்காணம் பக்கம் கழுவெளி ஏரிக்கரை முகாம் ஒன்று கண்ணில் பட்டது. போட்டோவில் நீலத் தண்ணீர், வரிசையாகக் கூடாரங்கள். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. “நேர்ல போய்ப் பாத்துக்கலாம்” என்றார் முரளி.

8.50. மரக்காணத்தில் இறங்கி இட்லி சாப்பிட்டோம். ஆட்டோக்காரர் பெயர் அந்தோணி, ஐம்பது வயதிருக்கும். போட்டோவைப் பார்த்துவிட்டு, “இந்த எடம் தெரியும் சார். ஆனா இப்ப நடக்குதான்னு தெரியாது. நாள் முழுக்க சுத்துறதுன்னா ஆயிரத்து இருநூறு குடுங்க” என்றார். ஏறிக்கொண்டோம்.

அனுமந்தை தாண்டி மேற்கே திரும்பி, கருவேலங்காட்டுக்குள் மூன்று கிலோமீட்டர். 9.40-க்கு ஆட்டோ நின்ற இடத்தில் ஏரி இல்லை. வெடித்த சேறுதான் கண்ணுக்கெட்டிய தூரம்வரை கிடந்தது, மேலே வெள்ளையாக உப்புப் பூத்து. எங்கோ தொலைவில் ஒரு கோடாகத் தண்ணீர் தெரிந்தது, அதுவும் கானலோ என்னவோ. மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் போட்டோவை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

“இது மார்கழியில எடுத்த படம் சார். ஜூலை மாசத்துல ஏது தண்ணி? அந்த முகாமும் மூடி ரெண்டு வருஷம் ஆவுது. இப்ப இது பறவைங்க சரணாலயம். ராத்திரி தங்க வுட மாட்டாங்க.”

முரளி தலையாட்டினார். ஆனால் கிளம்பவில்லை. சேற்றில் ஐம்பது அடி நடந்துபோய், இடுப்பில் கைவைத்துக்கொண்டு தொலைவில் தெரிந்த அந்தத் தண்ணீரையே பார்த்தபடி நின்றார். தன்யா ஆட்டோவை விட்டு இறங்கவே இல்லை.

11.30. அந்தோணியின் தங்கையை இரும்பை கிராமத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் ஒரு சின்ன ஏரி உண்டு, கரையில் புளியமரம் உண்டு என்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். மரம் இருந்தது. ஏரிக்குள் தூர் வாரும் வேலை நடந்துகொண்டிருந்தது. இரண்டு பொக்லைன், மண் ஏற்றிப் போகும் லாரிகள், பேச்சுக் குரல் கேட்காத இரைச்சல். “ஞாயித்துக்கெழம வாங்க, வேல இருக்காது” என்றார் அங்கிருந்த மேஸ்திரி. அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். முரளி திரும்பி ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

ஒரு மணிக்குள் நான் ஒன்பது இடங்களுக்கு போன் செய்தேன். பொம்மையார்பாளையத்தில் இரண்டு விடுதிகள், ஆரோவில் பக்கம் மூன்று விருந்தினர் இல்லங்கள், மற்றவை கடற்கரைச் சாலையில். வெள்ளிக்கிழமை, எல்லாம் நிறைந்துவிட்டது. ஓரிடத்தில் மட்டும் ஏசி அறை இருந்தது, வாடகை ஆறாயிரத்து ஐந்நூறு. “ரூம்ல தங்கறதுக்கு வீட்லயே தங்கலாமே” என்றார் முரளி. அவர் குரல் உயர்ந்ததும் தன்யா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

மாலை 4.10. மரக்காணத்துக்குத் திரும்பும் வழியில் சாலையின் இருபுறமும் உப்பளம். பாத்தி பாத்தியாகத் தேங்கிய நீரில் வெயில் மின்னியது. “தண்ணி!” என்று கத்தினாள் தன்யா. அன்று முழுவதும் அவள் சந்தோஷமாகச் சொன்னது அந்த ஒரு சொல்தான்.

“நிறுத்துங்க” என்றார் முரளி. “ராத்திரிக்கு இல்லாட்டி போவுது. ஒரு மணி நேரம் கூடாரத்துல உக்காரட்டும் புள்ள.”

“சார், அங்க வேணாம். உப்பு எடுக்கற நேரம்” என்று அந்தோணி சொல்லி முடிப்பதற்குள் முரளி பையோடு இறங்கிவிட்டார். பாத்திகளுக்கு நடுவே ஒன்றரை அடி அகலத்தில் களிமண் வரப்பு. இடம் கொள்ளாது என்று தெரிந்தும் கூடாரத்தை அதன்மேல் விரித்து, முளையை வைத்துக் கல்லால் அடித்தார். நான்காவது அடியில் வரப்பு பிளந்தது. சரிந்த இடத்தில் அவர் காலும் புதைய, உப்பு விளைந்து நின்ற பாத்தியின் நீர் கீழ்ப்பாத்திக்குள் கொட்டத் தொடங்கியது.

“ஐயோ, வரப்பு! வரப்பு சார் அது!”

கூலிக்கு உப்பு வாரும் பெண் ஒருத்தி பலகையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். பின்னால் வந்த இன்னொருத்தி, “தேவகி, மண்ணப் போடு, மண்ணப் போடு” என்று கத்தினாள். தேவகி உடைப்பைத் தன் காலாலேயே அடைத்துக்கொண்டு நின்றாள். முரளி மண்டியிட்டுக் கையால் களிமண்ணை அள்ளி அள்ளி அப்பினார். தோஹா வேலையில் வெடித்திருந்த விரல்களில் உப்புநீர் ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டார். நானும் இறங்கி மண் அள்ளினேன். அடைத்து முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. பாத்தியில் பாதி நீர் போய்விட்டிருந்தது.

“பத்து நாளா காய வெச்ச தண்ணி” என்றாள் தேவகி. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். “நாங்க வாரினாதான் எங்களுக்குக் கூலி.”

முரளி சட்டைப்பையில் கைவிட்டார். அவள் தலையை அசைத்தாள். “பணம் வேணாம் சார். மொதலாளிக்கு நான் என்னான்னு பதில் சொல்றது, அத யோசிக்கிறேன். நீங்க போயிடுங்க. புள்ள பயந்துபோய் நிக்குது பாருங்க.”

தன்யா சாலையோரம் அந்தோணியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் யார் கையைப் பிடித்திருக்கிறாள் என்பதை முரளியும் பார்த்தார். கூடாரத்தைச் சுருட்டக்கூட அவருக்குக் கை வரவில்லை. நான்தான் சேறும் உப்புமாக அதைப் பைக்குள் திணித்தேன்.

5.50. மரக்காணம் பஸ் நிறுத்தம். எங்களைப் போல அவசரத்தில் கிளம்ப நினைப்பவர்களுக்கு: கழுவெளியை மழை நின்ற பிறகு பகலில் போய்ப் பாருங்கள், பறவைகள் வந்திருக்கும். தங்கும் இடத்தில் யாராவது போனை எடுத்த பிறகு கிளம்புங்கள். உப்பளத்தைச் சாலையில் நின்றே பாருங்கள். இதற்கு மேல் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் மூவரும் ஒரே அறையில்தான் படுக்கிறோம். அங்கே ஒன்பது நாளில் நடக்காதது இங்கே ஒரு ராத்திரியில் நடந்துவிடும் என்று நூற்றுப் பத்து கிலோமீட்டர் வந்திருந்தோம்.

பஸ்ஸில் கூட்டம். இரண்டு பேர் உட்காரும் இருக்கை ஒன்றுதான் கிடைத்தது. ஜன்னலோரம் தன்யா, பக்கத்தில் நான். முரளி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கல்பாக்கம் தாண்டியதும் நான் அவரைக் கட்டாயப்படுத்தி என் இடத்தில் உட்காரச் சொல்லி எழுந்தேன். அவர் தயங்கினார். பக்கத்தில் இடம் காலியானதும் தன்யா அரைத்தூக்கத்தில் கண் திறந்தாள். இருட்டத் தொடங்கியிருந்தது. அவள் கண்ணுக்கு நேரே தெரிந்தது உப்புக்கறை படிந்த சட்டை மட்டும்தான். காலை ஒடுக்கிக்கொண்டு, பள்ளியில் சொல்லிக்கொடுத்த மரியாதையோடு சொன்னாள்.

“உக்காருங்க அங்கிள்.”

அவள் மறுபடியும் தூங்கிப்போனாள். “தேங்க்ஸ்மா” என்றார் முரளி. உட்கார்ந்தார். திருவான்மியூர் வரும்வரை, அவள்மேல் தோள் பட்டுவிடாதபடி ஒடுங்கியே இருந்தார்.