ஹெட்மாஸ்டர் வைத்த பெயர்

கறுப்பு ரப்பர் தொப்பி அது. உள்பக்கம் முழுக்கப் பொட்டுப் பொட்டாகச் சிவப்பு விளக்குகள். தலையில் மாட்டினால் வெளிச்சம் மண்டையோட்டைத் தாண்டி உள்ளே போய்த் திரும்பும். மூளையில் எந்த இடம் வேலை செய்கிறதோ அங்கே ரத்தம் கூடும். திரையில் கோடு ஏறும். இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்களில், ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு அதை மாட்டிவிடுவதுதான் என் வேலை. நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

என் மாமா, அம்மாவின் தம்பி, சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடுமேன். கிரேனிலிருந்து நழுவிய கம்பிக் கட்டு அவர் தலையில் விழுந்தது. பிழைத்தார். கண் திறந்திருக்கும், கூப்பிட்டால் திரும்பமாட்டார், விரலைக்கூட அசைக்கமாட்டார். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் கட்டிலோடு கிடந்தார். அவருக்கு எல்லாம் புரிகிறது என்று அத்தை ஒருத்திதான் சொன்னாள். கட்டில் பக்கத்தில் யாராவது கண்டதைப் பேசினால் வெளியே விரட்டிவிடுவாள். அத்தை சொல்வது சரியா என்று வெளிச்சக் கருவியில் பார்த்துவிடலாம் என்று நான்தான் கூட்டிப்போனேன்.

சோதனை எளிது. யார் யாருடைய பெயர்களோ காதில் ஒலிக்கும். நடுநடுவே அவருடைய பெயரும் வரும். தன் பெயர் என்று தெரிந்தால் கோடு ஏறும். ஏறவில்லை.

"அவருக்கு ஒண்ணும் தெரியலம்மா. நீங்க பேசறதெல்லாம் அவருக்கு வெறும் சத்தம்தான்" என்றார் பெரிய டாக்டர்.

அத்தை அழவில்லை. "இன்னா பேர் சொல்லி கூப்ட்டீங்க?" என்று கேட்டாள்.

"தனசேகரன்."

"அது ஹெட்மாஸ்டர் வெச்ச பேரு சார். அப்புன்னு ரிஜிஸ்டர்ல எய்த மாட்டேன்னு அந்தாளே ஒண்ண எய்திட்டாரு. மறு வருசமே இவரு இஸ்கூல வுட்டு நின்னுட்டாரு. மார்க்கெட்ல, வூட்ல, எங்க போனாலும் அப்புதான். அப்புன்னு கூப்ட்டுப் பாருங்க. நான் வோணா கூப்டறேன்."

டாக்டர் சிரித்தார். எல்லோருக்கும் ஒரே முறைதான், ஆளுக்கு ஆள் மாற்ற முடியாது என்றார். ஒரு பெயரை மாற்றிப் பதிவு செய்ய எவ்வளவு நேரம் ஆகிவிடும்? நான் கெஞ்சினேன். "நீ சொந்தக்காரி, உனக்கு அப்படித்தான் தோணும்" என்று என் வாயை அடைத்தார். கொஞ்ச நாளில், கருவியை இரவலாகக் கொடுத்திருந்தவர்கள் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அப்பு என்று கூப்பிட்டிருந்தால் கோடு ஏறியிருக்குமா? எனக்குத் தெரியாது. ஏறாத கோட்டைக் காட்டி உள்ளே ஆளே இல்லை என்று சொல்லக் கூடாது என்பது மட்டும் தெரியும். டாக்டருக்கும் தெரியும். இப்போது நான் வேலை செய்யும் இடத்தில், இவரை வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. நல்ல விஷயம்தான். எனக்கு வயிறு எரிகிறது.

டாக்டர் சொன்னது சொந்தபந்தம் முழுக்கப் பரவியது. அதற்குப் பிறகு அத்தை விரட்டியும் யாரும் அசையவில்லை. "அதான் டாக்டரே சொல்ட்டாரே" என்றார்கள். மாமா இன்னும் சில வருடங்கள் இருந்தார். மாடிப்படி குறுகல், பாடியை எப்படிக் கீழே இறக்குவது என்று அவருடைய அண்ணன்மார் கட்டிலோரமே டீ குடித்துக்கொண்டு பேசினார்கள். அவரை இடுப்பில் தூக்கி வளர்த்த என் அம்மா ஒரு நாள், அவர் தலையைக் கோதிவிட்டபடியே, காதருகே குனிந்து சொன்னாள்:

"போய்ச் சேந்துடு அப்பு. எத்தினி நாளிக்கு எல்லாரையும் பேஜார் பண்ணிகினு இருப்ப?"