ஐம்பத்திரண்டாம் வகை, ஐந்தாம் லயம்

காலை பத்து மணி ஐந்து நிமிடம். கதவின் நடுவில் இருக்கும் பித்தளைப் பிளவு திறந்து மூடியது. தரையில் ஒரு வெள்ளை உறை கிடந்தது. கோத்தன்பர்க்கில் எங்கள் தபால்காரரின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. மாடிப்படியில் காலடி கேட்கும், பிளவு திறக்கும், காகிதம் விழும், காலடி இறங்கிப் போகும். சுவீடனுக்கு வந்து ஒன்பது ஆண்டுகளில் குளிர் பழகிவிட்டது. கதவில் என் பெயர் இருப்பதும், அந்தப் பெயருக்கு வருகிற கடிதம் என் காலடியிலேயே வந்து விழுவதும் இன்னும் பழகவில்லை.

ஒக்டோபரில் விழுந்த அந்த உறைக்குள் மெல்லிய தூரிகை ஒன்றும் சிறு குழாய் ஒன்றும் படம் போட்ட தாளும் இருந்தன. கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பாப்பிலோமா வைரஸ் உடம்பில் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை. வீட்டிலேயே மாதிரி எடுத்துத் திருப்பி அனுப்பினால் போதும். அனுப்பினேன். மூன்று வாரத்தில் பதில் விழுந்தது. வைரஸ் இருக்கிறது, நேரில் வரவும்.

பிரசவம் பார்க்கும் மருத்துவிச்சியை இங்கே பார்ன்மோஷ்கா என்பார்கள். இந்தச் சோதனையும் அவர்களுடைய வேலைதான். என்னைப் பார்த்தவர் ஐம்பது வயதைத் தாண்டியவர், காதில் சின்ன வெள்ளித் தோடு. கணினித் திரையைப் பார்த்து, "ஐம்பத்திரண்டு" என்றார். என் வயது என்று நினைத்து, "நாற்பத்தொன்று" என்று திருத்தினேன். அவர் சிரித்துவிட்டு, அது வைரஸின் வகை எண் என்று விளக்கினார். இந்த வைரஸில் பல வகைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். பதினாறும் பதினெட்டும் உலகம் முழுவதும் அதிகம் அஞ்சப்படுபவை. மற்ற எண்கள் நாட்டுக்கு நாடு, பகுதிக்குப் பகுதி கூடியும் குறைந்தும் இருக்கும். எந்தத் தடுப்பூசி, எந்தச் சோதனை என்று முடிவு செய்ய அந்தக் கணக்கு வேண்டும்.

"நீங்கள் எங்கே வளர்ந்தீர்கள்?" என்று கேட்டார்.

"பொகவந்தலாவை."

அதை எழுத முயன்று, விட்டுவிட்டு, தெற்காசியா என்று எழுதினார். எங்கே, எப்போது தொற்றியது என்பதை எண் சொல்லாது என்றார். பிறகு, குடும்பத்தில் யாருக்காவது இந்தப் புற்றுநோய் இருந்ததா என்று கேட்டார்.

"அம்மாவுக்கு. கடிதம் கிடைக்கவில்லை."

அவர் அனுதாபத்தோடு தலையசைத்தார். "ஆமாம், இங்கேயும் இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தபால் போடுகிறார்கள்."

நான் திருத்தவில்லை. திருத்துவதென்றால் ஐந்தாம் லயத்திலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கையின் மலையகத்தில், பொகவந்தலாவை பஜாருக்கு மேலே. ஐந்தாம் லயம் ஒரே கூரையின் கீழ் நீளும் வரிசை வீடு, அதில் பன்னிரண்டு காம்பிராக்கள், பன்னிரண்டு குடும்பங்கள். லயத்துக்கு எண் உண்டு, முகவரி கிடையாது. யாருக்கு எது வந்தாலும் தோட்ட ஆபிசுக்குத்தான் வரும். தோட்டத்துத் தபாலைச் சுமக்கும் தப்பால்காரர் பஜாரிலிருந்து பையைத் தூக்கி வருவார், கிளாக்கர் பிரிப்பார், காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போது கடிதமும் கைக்கு வரும். நான் கொழும்பில் ஒரு பத்திரிகையில் நிருபராக இருந்த காலத்தில், தோட்டத்துக்கு வந்த மருத்துவ முகாமில் அம்மா இந்தச் சோதனைக்குப் போயிருந்தார். கோளாறு இருந்தால் கடிதம் வரும் என்று சொல்லி அனுப்பினார்கள். "கடுதாசி வரல, அப்ப ஒண்ணும் இல்லடி" என்று போனில் சொன்னார். சந்தோஷமாகத்தான் சொன்னார். இரத்தப்போக்கு தாங்காமல் அவரைக் கண்டிக்குக் கொண்டுபோனபோது எதுவும் செய்வதற்கில்லாமல் போயிருந்தது.

அடக்கம் முடிந்து, மரணப் பதிவுக்கான தாள் வாங்க ஆபிசுக்குப் போனேன். கிளாக்கர் முத்திரையைத் தேடி மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே இறப்பர் வளையம் போட்ட ஒரு கட்டு. மேலிருந்து மூன்றாவது உறையில் அம்மாவின் பெயர். தபால் முத்திரை பதினான்கு மாதம் பழையது. உள்ளே ஒரு பக்கம், சிங்களத்தில்.

"அந்தப் பேருல தோட்டத்துல நாலு பேரு இருக்காங்கம்மா. எந்த லயம்னு போடல. யாராச்சும் கேட்டு வருவாங்கன்னுதான் வச்சிருந்தேன்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. எனக்குத் தேநீர் வரவழைத்தார். ஆபிஸ் ஜன்னலுக்கு வெளியே, கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குப் போகும் பாதை தெரிந்தது. அந்தப் பதினான்கு மாதமும் அம்மா கூடையோடு அந்த ஜன்னலைக் கடந்து போய்த்தான் வந்திருக்கிறார்.

பார்ன்மோஷ்காவின் அறையிலிருந்து வெளியே வந்து டிராமுக்கு நின்றபோது அந்த ஜன்னல்தான் கண்ணில் நின்றது. அம்மாவுக்குள்ளும் ஒரு எண் இருந்திருக்கும். ஐம்பத்திரண்டாகவும் இருக்கலாம். பேர்ப் பதிவில் அவருக்கு ஒரு எண் இருந்தது, அடையாள அட்டையில் ஒன்று, லயத்துக்கு ஒன்று. அவரைக் கொன்றதன் எண் எந்த ஏட்டிலும் இல்லை. மலையகப் பெண்களிடம் எந்த வகை அதிகம் என்று இரவெல்லாம் தேடினேன். தெற்காசியா கிடைத்தது. இலங்கை கிடைத்தது. அதற்குக் கீழே, எங்கள் மலைக்கு என்று எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

எனக்கு லேசான மாற்றம்தான், ஆறு மாதத்தில் மறுபடி பார்ப்பார்கள். அக்கா புஷ்பத்துக்கு நாற்பத்தைந்து வயது. அம்மாவின் அதே மலையில் கொழுந்து எடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"ஏன்டி, அங்க உள்ள வெள்ளக்காரிக்கு வேற வேல இல்லையா? ஒன் வவுத்துக்குள்ள எட்டிப் பாத்து நம்பர் போடுறா?"

"நீயும் போய்ப் பாரு அக்கா. பஜார் கிளினிக்கில் இப்போது இந்தச் சோதனை இருக்கிறது."

"பத்திரிகக்காரி பேச்சு இன்னும் போகல பாரு. கிளினிக்குப் போனா கங்காணி அரப் பேருதான் போடுவான், பாதிச் சம்பளம் போயிரும். போயிட்டு வந்து? கடுதாசி வரும்னு ஆபிஸ் வாசல்ல நிக்கவா? அம்மா நின்ன மாதிரி?"

"அம்மா நிற்கவில்லை. நின்றிருந்தால் கிடைத்திருக்கும்."

அவள் போனை மகளிடம் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள். அது எந்த எண்களைத் தடுக்கும் என்று கேட்டேன். "ஊசி வலிச்சிச்சு சித்தி, அதுதான் தெரியும்" என்றாள்.

ஐந்து ஞாயிறு கெஞ்சினேன். ஆறாவது ஞாயிறு அக்கா தானாகவே கூப்பிட்டாள். முகத்தில் ஒரு வெற்றிக் களை.

"போயிட்டு வந்துட்டேன்டி. அந்த நர்ஸ் மிஸ்ஸு நல்ல மாதிரி, நம்ம பாசையும் கொஞ்சம் பேசுது. ஆளுக்கொரு ஒறையக் குடுத்து அவங்கவங்க அட்ரஸ எழுதிக் குடுக்கச் சொன்னாங்க. நான் தோட்ட ஆபிஸ எழுதல. இந்தத் தடவ ஏமாற மாட்டேன்."

"பிறகு யாருடைய முகவரி?"

"கடுதாசி தொலையாத எடம். முத்திரையும் நானே பஜார்ல வாங்கி ஒட்டிட்டேன். நீ சும்மா இரு."

மகளின் ஆசிரியை ஒருவர் ஹட்டன் ரோட்டில், எண் போட்ட வீட்டில் இருக்கிறார். அவருடைய முகவரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மேற்கொண்டு கேட்கவில்லை. கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்கியவள் நான்.

டிசம்பர் போயிற்று, ஜனவரி போயிற்று. "கடுதாசி வந்ததா?" என்பேன். "நீதான் சொல்லணும்" என்று சிரிப்பாள். கேலி என்று எடுத்துக்கொண்டேன்.

பெப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். காலடி ஏறியது, பிளவு திறந்து மூடியது. தரையில் பழுப்பு உறை ஒன்று, மூலை நசுங்கி, இலங்கை முத்திரைகள் வரிசை கோணி ஒட்டப்பட்டிருந்தன. அக்காவின் கையெழுத்து. மேலே அவள் பெயர். கீழே என் தெரு, என் கதவு எண், கோத்தன்பர்க். தீபாவளிக்கு நான் அனுப்பிய பார்சலின் பெட்டியைப் பார்த்து, சுவீடிஷ் எழுத்துகளின் தலைமேல் உள்ள புள்ளிகளைக்கூட விடாமல் வரைந்திருந்தாள்.

நின்றபடியே பிரித்தேன். ஒரு பக்கம், சிங்களத்தில். வைரஸ் இருக்கிறது. பதினாறு: இல்லை. பதினெட்டு: இல்லை. மற்றவை: ஆம். மேலதிகப் பரிசோதனைக்காக மாவட்ட வைத்தியசாலைக்குத் தவறாமல் வரவும். கீழே, பேனாவால், வர வேண்டிய நாளும் நேரமும்.

அன்றைய திகதி. காலை எட்டு மணி. நான் அதைப் படித்தபோது பொகவந்தலாவையில் பிற்பகல் இரண்டு ஐம்பது. அக்கா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.