வார்டன் சொல்லாத வாசகம்

என் தங்கை மகளைக் கட்டிய மாப்பிள்ளைக்கு அவருடைய நான்கு மெக்கானிக்குகளும் வைத்த பெயர் 'பேட்டி'. வயது முப்பத்தாறு. அதற்குள் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்று, கார் வாடகைக்கு விட்டு, மூன்றாவதாகச் சலவை இயந்திரங்களைப் பராமரிக்கும் கம்பெனி தொடங்கினார். செயலியில் தெரிவித்தால் நான்கு மணி நேரத்தில் ஆள் வரும் என்பது வாக்குறுதி. இயந்திரத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அது குற்றமில்லை. தெரிந்துகொள்ளவும் மாட்டேன் என்றிருந்தார்.

டயர் கடைக்கு மேலே ஒரே அறை. ஜன்னலோர மேசை வீடியோ எடுக்க. அதன் மேல் யாரும் கை வைக்கக்கூடாது. மாற்று மோட்டார்களும் பெல்ட்டுகளும் மாடிப்படிக்கு அடியில் சாக்கில் கிடந்தன. ஓராண்டு விடுப்பில் வந்த கணக்கு டீச்சரான அவர் மனைவி தொலைபேசியை எடுத்தாள். வாரத்தில் மூன்று நாள் காலையில் போய், அவள் சொல்லும் புகார்களை நான் பதிவேட்டில் எழுதுவேன். அவள் பள்ளிக்குத் திரும்புகிறாளா இல்லையா என்பதை ஜூன் 27, வெள்ளிக்கிழமைக்குள் தலைமையாசிரியைக்குச் சொல்ல வேண்டும். கம்பெனி காலூன்றினால் இங்கே, இல்லாவிட்டால் அங்கே.

புதுக் கம்பெனிக்காரர்களுக்கான விளம்பரப் பயிற்சி ஒன்றில் மாப்பிள்ளை இரண்டு நாள் உட்கார்ந்து வந்திருந்தார். குறிப்பு நோட்டில் முதல் வரி: 'முதலில் வாடிக்கையாளர் சொல்வதைக் கேளுங்கள்.' சிவப்பு மையில் இரண்டு அடிக்கோடு. அதோடு அந்தப் பாடம் முடிந்தது. அதன்பின் லோகோவை நான்கு முறை மாற்றினார். பத்திரிகைக் குறிப்பைப் பதினான்கு முறை திருத்தினார்.

அப்போது பெரிய வாடிக்கையாளர் ஒரே ஒரு பெண்கள் விடுதி. பதினொரு இயந்திரங்கள். ஜூன் 12 அன்று அதில் மூன்று நின்றுபோயின. வார்டன் அம்மா ஒன்பது நாளில் பதினேழு முறை கூப்பிட்டார். நான்கு மெக்கானிக்குகளும் புது டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு, கையைக் கட்டி, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வார்டன் அம்மா மறுபடியும் கூப்பிட்டாங்க. ரெண்டு பேரையாவது அனுப்புங்களேன்," என்றாள் அவள்.

"படம் பாதில நிக்குது. இப்ப போயி மோட்டார் கீட்டார்னுட்டு."

"நிக்கிறது படம் இல்லீங்க, மெஷின்."

"நீ டீச்சராவே யோசிக்கிற. மாமா, நீங்களே சொல்லுங்க, பேர் வந்தா வேலை தானா வராதா?"

"வந்த வேலையே நடக்காம கெடக்கே மாப்ளே," என்றேன். மாப்பிள்ளை கேமரா பக்கம் திரும்பிக்கொண்டார்.

பத்திரிகைக் குறிப்பில் திருப்தியடைந்த வாடிக்கையாளர் ஒருவரின் வாசகம் இருக்க வேண்டுமாம். அதையும் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு வாங்க வேண்டும் என்றும் சொல்லியிருப்பார்கள். அப்போது மாப்பிள்ளை தேநீர் குடிக்கப் போயிருப்பார். "எங்கள் விடுதியில் இயந்திரம் நின்ற நாளே இல்லை" என்று வார்டன் சொன்னதாக அவரே எழுதி, இருபத்திரண்டு பத்திரிகைகளுக்கு அனுப்பினார்.

ஒரே ஒரு நிருபர் மதித்தார். மதித்ததோடு நிற்காமல், நிற்காத இயந்திரத்தைப் படம் பிடிக்க விடுதிக்கே போய்விட்டார். அங்கே பின்கட்டில் மாணவிகள் வரிசையாக வாளி வைத்துத் துணி கசக்கிக்கொண்டிருந்தார்கள். ஜூன் 26 காலைப் பதிப்பில், ஐந்தாம் பக்கம், கால் பக்க அளவில் அந்தப் படம். கீழே மாப்பிள்ளை எழுதிய வாசகம், ஓர் எழுத்து மாறாமல். அதன் கீழே வார்டன் அம்மா உண்மையில் சொன்னது: "இப்படி நான் சொல்லவே இல்லை. ஒப்பந்தத்தை இன்றோடு முடித்துக்கொள்கிறேன்."

வியாழக்கிழமை பத்து மணிக்கு மாப்பிள்ளை பத்திரிகையோடு மாடியேறி வந்தார். முகத்தில் கல்யாணக் களை.

"கம்பெனி பேரைத் தப்பில்லாம போட்டிருக்காங்க பாருங்க மாமா. பின்னாடி நிக்கிற மெஷின்ல லோகோ கூட தெரியுது."

அவள் பத்திரிகையை வாங்கி ஒரு முறை படித்தாள். மடித்து மேசையில் வைத்தாள். யாரும் கை வைக்கக்கூடாத மேசை. பிறகு தலைமையாசிரியைக்குப் போன் போட்டாள்.

"மேடம், நான் திரும்பி வந்துடறேன். ஒண்ணாம் தேதியே."

மாப்பிள்ளைக்கு அப்போதுதான் களை இறங்கியது.

"என்ன இது திடீர்னு? அப்ப இங்க போனை யாரு எடுக்கறது?"

"பேட்டிக்கு யாராவது கூப்பிட்டா நீங்களே எடுத்துக்குங்க. வேற யாரும் இனிமே கூப்பிடப் போறதில்ல," என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.