முத்துசாமி வந்த கப்பல்

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் பாஸ்போர்ட்டை நகலெடுக்க ஒரு கடையில் நிற்கிறேன். கடைக்காரர் குணம் யாழ்ப்பாணத்துக்காரர், படிவமும் நிரப்பித் தருவார். அவர் எதிரே கரீபியன் கடலின் குவாதலூப் தீவுக்காரர் ஒருவர், தமிழ் தெரியாதவர். குடும்பப் பெயர் முத்துசாமி. கொள்ளுத்தாத்தா முத்துசாமி காரைக்காலில் கூலியாகக் கப்பலேறியதற்குச் சான்று காட்டினால்தான் அவருக்கு இந்திய வம்சாவளி அட்டை கிடைக்கும். அந்தக் கப்பலில் போன கூலிகளின் பெயர்ப் பட்டியல் நகலும் அவர் கையிலேயே இருக்கிறது.

“நாலு தரம் பாத்திட்டன் ஐயா, முத்துசாமி எண்டு ஆள் இல்லை,” என்கிறார் குணம்.

நான் ஓய்வுபெற்ற சார்பதிவாளர். பெயர்ப் பத்தியை விட்டுத் தகப்பன் பெயர்ப் பத்தியில் விரலை இறக்குகிறேன். மூன்றாம் பக்கத்தில் கிடைக்கிறது, உரக்கப் படிக்கிறேன்: வீரன், தகப்பன் முத்துசாமி, மனைவி அஞ்சலை.

“அஞ்சலை!” என்று தீவுக்காரர் துள்ளுகிறார். அவருடைய கொள்ளுப்பாட்டியேதான்.

தீவில் இறங்கியதும் குமாஸ்தா வீரனின் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக்கியிருக்கிறார். என் விசாவிலும் அதே கதைதான். ஓட்டலில் என்னை என் தகப்பனார் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

குணம் பிரெஞ்சில் விளக்குகிறார். பிறகு என்னிடம், “அப்ப முத்துசாமி எந்தக் கப்பலிலை வந்தவர் எண்டு கேக்கிறார்.”

“வரவே இல்லை. மகனைத்தான் அனுப்பியிருக்கிறார்.”

தீவுக்காரர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டுகிறார். அவர் வீட்டு வாசலில், தோளில் மூட்டையோடு கப்பலிலிருந்து இறங்கும் சிமெண்டுச் சிலை. கீழே பெரிய எழுத்தில் முத்துசாமி.

“அட்டையும் வேணுமாம், சிலையும் நிக்கோணுமாம். என்ன எழுத, ஐயா?”

“வீரன் என்று எழுதுங்கள். சிலைக்குப் படிவம் கிடையாது.”