வீட்டு அடுப்பை அணைத்தவன்

என் மனைவியின் உடம்பைக் கெடுத்தது நான்தான். அவளுடைய அம்மாவுக்கும் சர்க்கரை இருந்தது, பரம்பரை என்று டாக்டரே சொன்னார். அந்தக் குடைக்குள் ஒதுங்க எனக்கு விருப்பமில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஏற்காடு ஏரிக்கரையில் கடை போட்டோம். ஃபாஸ்ட் ஃபுட் என்று சிவப்பு எழுத்தில் போர்டு. ஃப்ரைடு ரைஸ், பரோட்டா, மிளகாய் பஜ்ஜி. நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவேன். அவள் வாணலி முன்னால் நிற்பாள்.

"கடையிலயே இத்தன இருக்கறப்ப ஊட்ல எதுக்குத் தனியா ஒலை வெக்கறே?" என்று கேட்டவன் நான். வீட்டு அடுப்பு அன்றோடு அணைந்தது. எனக்குப் பள்ளி விடுதியில் சோறு கிடைத்தது. அவளுக்கு வேளாவேளைக்கு மீந்த பரோட்டாவும், நேற்றைய எண்ணெயில் பொரித்த பஜ்ஜியும்தான். வருடக்கணக்கில்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் நாங்கள் கறியைத் தொடமாட்டோம். கறிக்குப் பதிலாக வாழைக்காய் பஜ்ஜி கூடக் கொஞ்சம். அதை உடலை ஒடுக்கும் ஒறுத்தல் என்றே நம்பினோம். ஈஸ்டருக்குத் தைத்த ரவிக்கையில் அவளுக்குக் கை நுழையவில்லை.

"தவம் இருந்து பெருத்தவ நான் ஒருத்திதானுங்க!" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மேடு ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்கியது. தாகம் அடங்கவில்லை. வேலைக் களைப்பு என்று நான் தள்ளிவிட்டேன். போர்டு எழுத்தே மங்கலாகத் தெரிகிறது என்று அவள் சொன்ன பிறகுதான் சேலத்துக்கு அழைத்துப் போனேன். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு இரண்டும் இருந்தன. ஒரு கண்ணில் பார்வை பாதி போயிருந்தது.

திரும்பியதும், சீசன் நடுவில், அவளைக் கேட்காமலே கடையைப் பூட்டினேன்.

"ஊரே சம்பாதிக்கற நேரத்துல உங்களுக்கு ஞானம் பொறந்துருச்சுங்களா மச்சான்?" என்றான் அவள் தம்பி.

"ஆமா, லேட்டாத்தான் பொறந்துச்சு. போயி உன் வேலையப் பாரு."

நானே சாமைச்சோறும் கீரையும் ஆக்கி அவள் முன் வைத்தேன். தட்டைத் தொடவில்லை.

"ஏனுங்க, அடுப்ப அணைக்கச் சொன்னதும் நீங்க, பத்த வெக்கறதும் நீங்க. நடுவுல நான்னு ஒருத்தி இருக்கறனா, இல்லீங்களா?"

கையை நீட்டிக் கடைச் சாவியைக் கேட்டாள். கொடுத்தேன். அதன் பிறகுதான் சாப்பிட்டாள்.

மறுநாள் கடையைத் திறந்து, பழைய எண்ணெயைக் கொட்டினாள். தனக்கு வீட்டிலிருந்து தூக்குப்போசியில் சாப்பாடு கொண்டுபோய், எல்லோரும் பார்க்க உட்கார்ந்து சாப்பிட்டாள்.

"ஏங்க்கா, உங்க கடைச் சோத்த நீங்களே திங்க மாட்டீங்களா?" என்று டாக்ஸிக்காரன் ஒருவன் கிண்டல் செய்தான்.

"நான் தின்னு பாத்துட்டேன் சாமி. டூரிஸ்ட்டு என்னைக்கோ ஒரு நாள் திங்கறான். நீ தெனமும் திங்கறே. என் கண்ணப் பாத்துக்க, அப்பறம் ஆர்டர் சொல்லு."

வியாபாரம் குறைந்தது. வாய்க்கொழுப்பு என்று தம்பி திட்டினான். குறையட்டும் என்றாள். சர்க்கரை மெல்ல இறங்கியது. அந்தக் கண் மட்டும் தெளியவே இல்லை. என்னை மன்னித்ததாக அவள் ஒருநாளும் சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுச் சமையலை என்னிடம் விட்டாள். உப்பை மட்டும் தன் கையால்தான் போடுவாள்.