பேச்சுத் தேர்வுக்கு விதி எழுதப் பினாங்கு போன கதை

பினாங்குக்கு ஊரே கடற்கரை பார்க்கப் போகும். எண்பதுகளின் நடுவில் நான் போனது விதி எழுத. தமிழ்ப் பள்ளி முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் பேச்சுத் திறனை அந்தந்தப் பள்ளியே மதிப்பிட வேண்டும், அதற்கு வழிகாட்டி வேண்டும் என்று ஐந்து பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். சுங்கைப் பட்டாணி ஆசிரியன் நான் ஒருவன். தலைவர் சிற்றம்பலம், யாழ்ப்பாண வழி வந்தவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். நல்ல மனிதர்தான். ஆனால் அப்பப்பா, அந்தப் பிடிவாதம்!

காலை ஆறு மணி பஸ், ஒரு மணி நேரத்தில் பட்டர்வொர்த். அங்கிருந்து தீவுக்குக் கடக்கும் பெர்ரிக்கு நாற்பது காசு. திரும்பி வரும்போது கட்டணம் கிடையாது, சில்லறை தேடி அலையாதீர்கள்.

முதல் நாள் முழுக்க முதல் விதியிலேயே போனது. படத்தைக் காட்டி ‘சொல்’ என்று சொல்ல வேண்டும், அதன்பின் மதிப்பிடுபவர் வாயே திறக்கக் கூடாது.

“ஐயா, ஏழு வயசுப் பிள்ளைங்க. பெரியவங்க முறைச்சுப் பாத்தா எப்படிப் பேசும்?” என்றேன்.

“மிஸ்டர் ராஜு, ரூல் எண்டா எல்லாருக்கும் ஒரே ரூல். நீர் பிள்ளையோட கதைச்சு, நான் கதைக்காம விட்டா மார்க் சரியா வருமோ?”

அதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். மற்ற நான்கு பேரும் தலையாட்ட, விதி நின்றது. மதியம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நசி கண்டார் கடையில் சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டேன். பன்னிரண்டு மணிக்குள் போய்விடுங்கள், பிறகு வரிசை தெருவுக்கு வந்துவிடும்.

மறுநாள் வெள்ளோட்டம், பாயான் பாரு பக்கம் ஒரு பள்ளியில்; மதிப்பெண் நிஜமாகவே பதிவாகும். நகர நடுவிலுள்ள கொம்தார் கட்டடத்திலிருந்து டாக்சி பன்னிரண்டு வெள்ளி, அரை மணி நேரம். ஏறும் முன்பே விலை பேசிவிடுங்கள்.

கோமளா என்ற சிறுமி வந்தாள். பெரியவர்கள் முன் எப்படி நிற்கச் சொல்லிக் கொடுத்தார்களோ அப்படியே கையைக் கட்டி, தலை குனிந்து நின்றாள். தலைவர் படத்தைக் காட்டி “சொல்” என்றார். நான்கு நிமிடம். மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். எனக்கு நாக்கு துடித்தது. தலைவர் முட்டை போட்டார்.

வகுப்பாசிரியை என்னிடம் வந்து, “சார், முட்டை வாங்கினா கடைசிக் குழுவுல ஒக்கார வச்சிருவாங்க. அங்க போன பிள்ளைங்க திரும்பி வந்ததே இல்ல சார்” என்றார். கண் கலங்கியிருந்தது.

இரண்டரைக்கு வருவதாகச் சொன்ன டாக்சி வரவில்லை. தலைவரோடு வாசலில் காத்திருந்தேன்; பக்கத்தில் கோமளா நின்றாள்.

“வீட்டுக்குப் போகலியாம்மா?” என்றேன்.

“அம்மா பேக்டரி பஸ்ல வருவாங்க லா சார். பச்சை பஸ். அந்த நீலம் வேற பேக்டரி, அது நிக்காது. அம்மாவுக்கு இந்த வாரம் காலை ஷிப்ட். நைட் ஷிப்ட்னா பக்கத்து வீட்டு அக்காதான் சோறு போடுவாங்க, காரமா இருக்கும்…”

மடை திறந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன.

“அப்புறம் ஏம்மா உள்ள ஊமை மாதிரி நின்ன?”

தலைவரைக் கை காட்டினாள். “இந்த சார் பேசவே இல்லையே. நான் யாருகிட்ட பேசுறது?”

தலைவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பிறகு கட்டைச் சுவரில் உட்கார்ந்து, “அம்மா அங்க என்ன வேலை செய்யிறா, பிள்ளை?” என்றார். பச்சை பஸ் வரும்வரை அவள் நிறுத்தவில்லை. அவர் முட்டையை அடித்துவிட்டு முழு மதிப்பெண் போட்டார். “முதல் விதி பிழை, ராஜு. எடுக்கச் சொல்லுறன்.”

நான் சந்தோஷமாகப் பெர்ரி ஏறினேன். முட்டாள்.

சில மாதம் கழித்து வழிகாட்டி என் பள்ளிக்கு வந்தது. முதல் விதி ஒரு எழுத்து மாறாமல் அப்படியே. தலைவருக்குப் போன் போட்டேன். முதல் நாள் மாலையே அந்த விதியைத் தட்டச்சு செய்து, நகலெடுக்க ஸ்டென்சில் தாள் வெட்டிவிட்டார்களாம். “நான் சொன்னனான் ராஜு. இன்னொருக்கா வெட்ட ஏலாதாம்” என்றார்.

இப்படிப்பட்ட வேலையாகப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அலுவலகத்தார் எவ்வளவு கெஞ்சினாலும் கூட்டம் முடியும்வரை வரைவைத் தட்டச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

என் வகுப்பில் முப்பது பிள்ளைகள் காத்திருந்தார்கள். வழிகாட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். முதல் பையன் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

“என்னடா, காலையில என்ன சாப்பிட்ட?” என்றேன்.