‘வோன்ட்’டுக்கு ஓர் உதாரணம்

இன்று கொக்குவில் வகுப்பில் ‘வோன்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் படிப்பித்தேன்.

தேநீர் வேண்டும், வீட்டுக்குப் போக வேண்டும், நீ வர வேண்டும். எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல் போதும் என்றேன்.

முன்வரிசை வாங்கில் சுகன்யா. லண்டன் மாப்பிள்ளையிடம் போக, அவள் விசாவுக்கான ஆங்கிலப் பரீட்சையில் தேற வேண்டும். மூன்று மாதமாக இந்த வகுப்புக்கு மட்டும் நான் சட்டையை அயன் பண்ணிப் போடுகிறேன்.

“ஒரு வசனம் சொல்லுங்கோ.”

‘நான் சீக்கிரம் வந்துவிட வேண்டும் என்று அவர் விரும்புகிறார்’ என, தடுமாறாமல் ஆங்கிலத்தில் சொன்னாள்.

“சரியோ சேர்?”

ஒரு பிழையாவது கிடைக்காதா என்று தேடினேன்.

“ஓம், சரி.”

“உங்கடை வசனம் என்ன சேர்?”

“தேத்தண்ணி வேணும்.”

வகுப்பே சிரித்தது.

அடுத்த கிழமை பரீட்சை. நிச்சயம் பாஸ் பண்ணுவாள்.

மோசமாகப் படிப்பிப்பது எப்படி என்று தெரிந்தவர்கள் கொமெண்டில் சொல்லுங்கள்.